மூன்று கிலோவாட்டும் ஐந்நூறு ஜிகாவாட்டும்

போன வாரம் தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தில் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர், ரிட்டயர்டு ஆகிப் பல வருஷம் ஆகிறது. நான் அங்கே சோலார் பேனல் மாட்டி மூன்று வாரம் ஆகியும் ஓட்டவில்லை, மிஞ்சுகிற கரண்ட் ஈ.பி. லைனுக்குப் போவதையும் கணக்கெடுக்கிற நெட் மீட்டருக்காகக் காத்திருந்தோம். அன்றைக்குத்தான் ஈ.பி.காரர்கள் வந்து மீட்டரை மாட்டிவிட்டுப் போனார்கள். மணி பதினொன்றரை, தளத்தில் வெறுங்கால் வைக்க முடியாத வெயில். சுவிட்சைப் போட்டதும், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது, மோர்ச் சொம்போடு மேலே வந்த டீச்சர் அதைப் பார்த்து ஏதோ பேரக்குழந்தை முதலடி எடுத்து வைத்த மாதிரிச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஊரில் கரண்ட் போயிற்று. பச்சை சிவப்பாகி, கீழே ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றது.

"என்னப்பா இது, வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, உன் சோலார் நின்னுடுச்சு?"

இந்தத் தொழிலில் நான் அதிகமாகப் பதில் சொன்ன கேள்வி இதுதான். மானியத்தோடு வருகிற ஆன்கிரிட் சிஸ்டம் ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுவது. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். ஏனென்றால் கம்பத்தில் லைன்மேன் ஏறியிருக்கும்போது நம் வீட்டு மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். கரண்ட் போனாலும் எரிய வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும், அதற்குத் தனிச் செலவு. இதை விற்கும்போதே சொல்லிவிடுவேன், டீச்சரிடமும் சொல்லியிருந்தேன். ஆனால் கையெழுத்துப் போடும்போது கேட்பது வேறு, ஃபேன் நிற்கும்போது புரிவது வேறு.

மோரைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "பேப்பர்ல போட்டிருந்தாங்களே, நம்ம நாட்டுல பாதி கரண்ட் நிலக்கரி இல்லாமயே வருதுன்னு. அப்புறம் ஏன் பென்னாகரத்துல பட்டப்பகல்ல போகுது?"

கரண்ட் போனது லோக்கல் டிரான்ஸ்ஃபார்மரில் ஏதோ தகராறு, அதற்கும் நிலக்கரிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கேள்வியின் முதல் பகுதிக்குப் பதில் சொல்ல அரைமணி நேரம் பிடித்தது. வீட்டுக்கு வந்தும் அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் ஐந்து வாக்குறுதி கொடுத்தார், பஞ்சாமிர்தம் என்று பெயர். அதில் எல்லோர் வாயிலும் நின்றது இரண்டு: 2030க்குள் 500 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் பத்து லட்சம் கிலோவாட்) அளவுக்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத மின்திறன், 2070இல் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியேற்றுகிற கரியமில வாயுவும் உறிஞ்சப்படுகிற கரியமில வாயுவும் சரிக்குச் சரி. மறு வருஷம் ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்தபோது, மொத்த நிறுவுதிறனில், அதாவது எல்லா மின்நிலையமும் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவில், பாதி 2030க்குள் இப்படி இருக்கும் என்று சொன்னார்கள். அந்தப் பாதியை 2025 ஜூனிலேயே தொட்டாகிவிட்டது, கிட்டத்தட்ட 485 ஜிகாவாட்டில் 243. ஐந்து வருஷம் முன்னதாக. சின்ன விஷயமில்லை, இந்தத் தொழிலில் இருப்பவனாக எனக்கும் அதில் பெருமைதான். டீச்சர் பேப்பரில் படித்தது இதைத்தான்.

ஆனால் அது நிறுவுதிறன். டீச்சருக்கு அவர் வீட்டுக் கணக்கையே எடுத்துக் காட்டினேன். உங்கள் மாடியில் இருப்பது 3 கிலோவாட். ராப்பகலாக 24 மணி நேரமும் அதே வேகத்தில் ஓடினால் 72 யூனிட் வரணும். வருமா? ராத்திரி சூரியன் கிடையாது, காலையிலும் சாயங்காலமும் சாய்வெயில், நடுவில் மேகம். எங்கள் பக்கத்து அனுபவக் கணக்கு, கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட். ஆக 12. ஆறில் ஒரு பங்கு. நாட்டுக்கும் இதே கதைதான். திறனில் பாதி என்று சொல்கிறோம், ஆனால் உண்மையில் ஓடி நம் வீட்டு மிக்ஸியைச் சுற்றுகிற யூனிட்டில் மூன்றில் இரண்டுக்கும் மேலே இன்னமும் நிலக்கரிதான்.

"அப்போ பரீட்சைக்கு எத்தனை பேர் பேர் கொடுத்தாங்கன்னு சொல்றாங்க, எத்தனை பேர் பாஸ்னு சொல்லல" என்றார் டீச்சர். கணக்கு டீச்சர் இல்லையா.

இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. சொல்லப்போனால் இதே தப்பை நானே செய்தவன். சில வருஷம் முன்னால் ஒரு சப்-கான்ட்ராக்டில் மலையடிவாரக் கிராமங்களில் சோலார் தெருவிளக்கு நட்டோம். கம்பம், மேலே ஒரு பேனல், அதற்குக் கீழே பெட்டியில் பேட்டரி. நட்டதும் இடத்தைக் காட்டுகிற ஜியோடேக் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும், அதில் விளக்கு எரிய வேண்டும், எரிந்தது. போட்டோவை ஏற்றினோம், பில் பாஸானது, பணமும் வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு காதுகுத்துக்கு அந்தப் பக்கம் போனேன். சாயங்காலம் ஏழு மணி. நான் நட்ட கம்பங்களில் ஒன்றே ஒன்று எரிந்தது, அதுவும் மினுக் மினுக்கென்று. இரண்டில் பேட்டரிப் பெட்டியே இல்லை. ஒரு கம்பத்தில் எருமை கட்டியிருந்தார்கள். என்னைத் தெரிந்த ஒரு பெரியவர், "தம்பி, நீதானே வெச்ச? நல்லா வெயிட்டா வெச்சிருக்க, எருமை இழுத்தாலும் அசையல" என்றார். கேலியா பாராட்டா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

காகிதத்தில் அந்த விளக்குகள் எல்லாம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கும். வைத்தது எத்தனை என்று கேட்கிற கட்டம் படிவத்தில் இருந்தது, எரிகிறது எத்தனை என்று கேட்கிற கட்டமே கிடையாது. பேட்டரியைப் பார்க்க ஆள் போக ஒரு ரூபாய்கூட எஸ்டிமேட்டில் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வேலை வேறு ஒருவனுக்குப் போயிருக்கும்.

அப்போதிலிருந்து எதைப் பார்த்தாலும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தருகிற சூரிய வீடு திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் வந்தது, ஒரு கோடி வீடு இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000. நல்ல திட்டம், என் வீட்டு அடுப்பே அதில்தான் எரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் அது யாருக்குப் போய்ச் சேர்கிறது? தமிழ்நாட்டில் இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். ஒரு ஃபேன், மூன்று லைட், ஒரு டிவி வைத்திருக்கிற வீட்டுக்கு பில் வருவதே பெரிதாகத் தெரியாது, அவர்கள் மாடியில் ஏன் லட்சக்கணக்கில் போட வேண்டும்? மாடியே பாதிப் பேருக்கு இல்லை, ஓட்டு வீடு, ஷீட் வீடு. ஆக என்னிடம் வருகிறவர்கள் டீச்சர்கள், ரிட்டயர்டு போலீஸ்காரர்கள், ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற பையன் இருக்கும் வீடுகள். ஏசி போட்டவர்கள். தப்பில்லை, ஏசி ஓட்டுகிறவன் வெயிலில் கரண்ட் எடுத்தால் நல்லதுதான். ஆனால் ஏழை வீட்டுக்கு வெளிச்சம் என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அப்புறம் பேனல் கழுவுவது. இதை எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஷர் தூசி, இங்கே செம்மண் தூசி. பத்து நாள் விட்டால் விரலால் பேர் எழுதலாம். சரி என்று போர் தண்ணியை ஊற்றிக் கழுவினால், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும், அது தூசியைவிட மோசம், தேய்த்தாலும் போகாது. எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் அப்படி.

தண்ணீர் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் முன்பற்கள் இரண்டில் பழுப்புக் கோடு இருக்கிறது. பீடி இல்லை, பான்பராக் இல்லை, ஃபுளூரைடு. நிலத்தடிப் பாறையிலிருந்து போர் தண்ணியில் கரைந்து வருவது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் ஆகாது, குழந்தை வயதில் பல் உருவாகும்போது குடித்தால் கறை ஆயுசுக்கும் போகாது. என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து சிரித்தால் தர்மபுரியா என்று கேட்டுவிடுவார்கள், வெளியூரில் காலேஜ் படிக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகினேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனில் 1,928 கோடி ரூபாய்க்குக் கட்டியது, 2013இல் திறந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். எங்கள் தெருவில் தினமும் வருகிறதா என்றால் வராது, மோட்டார் பழுது, குழாய் உடைப்பு என்று ஏதாவது இருக்கும், குடத்தோடு சண்டையும் இருக்கும். ஆனால் என் மகளுக்குப் பல் வெள்ளை. அவள் வகுப்பு குரூப் போட்டோவை ஒரு நாள் பெரிதாக்கி ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி. எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. போட்டோவே போதும்.

ஒகேனக்கல்லுக்கே வருவோம். மத்திய டூரிசம் அமைச்சகம் 2023இல் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் ஊர் சுற்றச் சொல்லி டிராவல் ஃபார் லைஃப் என்று ஒன்றைத் தொடங்கியது, அதே வருஷம் ஜி20 சுற்றுலாக் குழுவின் ஐந்து முன்னுரிமைகளில் பசுமைச் சுற்றுலாவும் ஒன்று. சுற்றுலா இடங்களை மேம்படுத்துகிற ஸ்வதேஷ் தர்ஷன் திட்டத்தின் இரண்டாம் பதிப்பிலும் நிலைத்த, பொறுப்பான சுற்றுலா என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்ப் பாருங்கள். மசாஜ் செய்கிற அண்ணன் கல்லில் உட்கார வைத்து எண்ணெயைத் தட்டுகிறார், பக்கத்தில் சட்டியில் மீன் பொரிகிறது, குளித்துவிட்டு எழுந்தால் கால் விரலுக்கு நடுவில் ஷாம்பு பாக்கெட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு ரூபாய் பாக்கெட், கிழித்த மூலைத் துணுக்கு தனியாக, பாக்கெட் தனியாக. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, நாடு முழுக்க 2022 ஜூலையிலிருந்து. கப், ஸ்ட்ரா, கேரிபேக் எல்லாம் தமிழ்நாட்டுப் பட்டியலில் உண்டு. ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் கவரும் கம்பெனி பேக்கிங், அவற்றை யாரும் தொடுவதில்லை. பொரித்த மீனை வாழையிலையில் வைக்கிற அக்காவிடம்தான் கேரிபேக் இருக்கிறதா என்று சோதனை போடுகிறோம்.

அங்கே உண்மையிலேயே பசுமைச் சுற்றுலா என்று ஒன்று இருந்தால் அது பரிசல்தான். மூங்கில் தப்பையைப் பின்னி, முன்பெல்லாம் தோல் போர்த்தி, இப்போது பிளாஸ்டிக் ஷீட் போட்டுத் தார் பூசிய கூடை. எஞ்சின் கிடையாது, டீசல் கிடையாது, சத்தம் கிடையாது. ஒரே ஒரு துடுப்பு, அதைப் பிடிக்கிற கைகள். அவர்களை யாரும் பசுமை வேலைவாய்ப்பு என்று எந்தப் பட்டியலிலும் எண்ணி நான் பார்த்ததில்லை. கர்நாடகத்து அணைகளான கபினியிலும் கே.ஆர்.எஸ்ஸிலும் தண்ணீர் திறந்தால், எல்லையில் காவிரித் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் அளவு ஏறினால், பரிசலுக்கும் குளியலுக்கும் தடை. தடை போடுவது சரிதான், உயிர் முக்கியம். ஆனால் சில ஆடியில் வாரக்கணக்கில் தடை நிற்கும், நல்ல சீசன் அப்படியே போய்விடும். ஒரு பரிசல்காரர் என்னிடம் சொன்னது: "தண்ணி இல்லன்னாலும் சோறு இல்ல, தண்ணி வந்தாலும் சோறு இல்ல." அந்த நாட்களில் அவர்கள் கொத்து வேலைக்கு பெங்களூரு பஸ் ஏறுகிறார்கள்.

ஒகேனக்கல்லைச் சுற்றிய காடு 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆனது, 2022 நவம்பரில் காவிரி தெற்கும் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். இதுவும் நல்ல அறிவிப்பு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் யானைக்குச் சரணாலயத்தின் எல்லைக் கல் தெரியாது, கேழ்வரகு கதிர் முற்றும் வாசம் தெரியும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தப்பின. எலக்ட்ரிக் வேலை செய்கிற எல்லோருக்கும் அன்றைக்குத் தலை குனிவு, ஏனென்றால் அந்த வேலிக்குக் கரண்ட் எப்படிக் கொடுப்பது என்று ஊரில் யாரோ ஒரு எலக்ட்ரீஷியனுக்குத் தெரிந்திருக்கும். சோலார் வேலி வேறு. அது விட்டு விட்டு ஒரு நொடிகூட இல்லாத துடிப்பாக அடிக்கும், யானைக்குச் சுருக்கென்று வலிக்கும், சாகாது. நானும் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் கம்பியில் புல் வளர்ந்து தொட்டால் கரண்ட் மண்ணுக்கு இறங்கிவிடும், வாரம் ஒருமுறை செதுக்க வேண்டும். செதுக்காத வேலி வெறும் கம்பி. யானை ஒரு மரக்கிளையை அதன் மேல் போட்டுவிட்டு ஜம்மென்று உள்ளே வரும். திரும்பவும் அதே கதை, பாருங்கள்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாக. தேசிய நெடுஞ்சாலையை நாலு வழியாக்கினபோது போன புளியமரங்களை எங்கள் அப்பா தலைமுறை இன்னும் ஆள் பேர் சொல்வது போலச் சொல்லும்: அந்த வளைவு மரம், இந்தக் கிணத்து மரம் என்று. 2015இல் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை வந்தது, திட்டச் செலவில் 1 சதவீதம் மரம் செடிக்கு. நடுத்திட்டில் அரளி பூத்துக் குலுங்குகிறது, அழகுதான், எதிர்வண்டி லைட் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். ஆனால் அரளி நிழலில் யார் வண்டியை நிறுத்தித் தூங்க முடியும், எந்த அரளியை உலுக்கிப் புளி எடுக்க முடியும்?

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இன்றைக்கு நாட்டின் பெரிய மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் இருக்கின்றன, டிவிஎஸ், ஏத்தர், ஓலா எல்லாம் எங்கள் பக்கம்தான். செய்த ஸ்கூட்டர்கள் ஊரைவிட்டுப் போவது டீசல் கன்டெய்னர் லாரியில், வரிசை வரிசையாக. கிருஷ்ணகிரி என்ற மாவட்டத் தலைநகருக்கு ரயில் நிலையமே கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது என்பதுதான் இன்னும் வேடிக்கை. வெள்ளைக்காரன் பஞ்சத்துக்காகப் போட்ட குட்டி லைன், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று, மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கு இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மொரப்பூர்-தர்மபுரிக்குத் திரும்பவும் 36 கிலோமீட்டர் பாதை 2016இல் பட்ஜெட்டில் வந்து, 2019இல் அடிக்கல்லும் நட்டாயிற்று. அடிக்கல் நன்றாக நிற்கிறது.

எல்லாமே இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு, இந்தியா கேட்டு ஐ.நா. அறிவித்தது. அதன் சூட்டில் அந்த வருஷம் மே மாதம் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். டெல்லியில் சிறுதானியத்துக்கு என்ன மாநாடு நடந்ததோ எனக்குத் தெரியாது, எங்கள் அம்மா அந்தப் பையைப் பிரித்து உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்து, "கல்லு இல்ல, பரவால்ல" என்றார். அன்றைக்கு ராத்திரி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பயிர், எங்கள் மண்ணில் ஏற்கெனவே விளைவது, நாங்கள் ஏற்கெனவே தின்பது. புதிதாகக் கம்பம் எதுவும் நடவில்லை. இருந்ததை வாங்கி இருக்கிறவர்களுக்கே கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தெருவிளக்கு சமாச்சாரத்துக்குப் பிறகு நான் ஒரு நோட்டுப் போட்டேன். பேனல் மாட்டிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாசம் ஒன்றாம் தேதி எத்தனை யூனிட் ஓடியது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். பாதிப் பேர் அனுப்புவதில்லை, நானே கூப்பிட்டுக் கேட்பேன், சிலர் எரிச்சல்படுவார்கள். எண் இறங்கினால் தூசியா, நிழலா, வயரா என்று போய்ப் பார்ப்பேன். பாலக்கோட்டில் ஒரு வீட்டில் யூனிட் பாதியாகக் குறைந்து, போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டில் மாடிமேல் மாடி எழுப்பியிருக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும், நோட்டில் எழுதிக்கொண்டேன். இதற்கு எனக்கு யாரும் காசு தருவதில்லை, என் மனைவி இதைப் பெட்ரோல் நோட்டு என்றுதான் சொல்வாள்.

டீச்சருக்கும் சொல்லியிருந்தேன். ஒன்றாம் தேதிவரை பொறுக்கவில்லை, முதல் வாரமே அனுப்ப ஆரம்பித்துவிட்டார், நாள் வாரியாக, சிவப்பு மையில் கோடு போட்டு, போட்டோ எடுத்து. திங்கள் 12.1. செவ்வாய் 11.8. புதன் மேகம், 7.4. இன்று காலை வந்தது இது: "வியாழன் 0. குரங்கு வயரைக் கடிச்சிருச்சு. சாயங்காலத்துக்குள்ள வா, சராசரி கெட்டுப்போகுது."